கவிழ்த்துப் பார்க்கும் முன் நிறத்தைப் பாருங்கள்

பழைய சீனப் பீங்கான் சேர்ப்பவர்கள் ஜாடி கையில் வந்ததும் கவிழ்த்து அடிமுத்திரையைத் தேடுவார்கள். 'காங்சி', 'சியென்லுங்' என்று அரசர் பெயர் இருந்தால் விலை எங்கோ போய்விடும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேஜெனின் சூளைகளில் சுட்ட எத்தனையோ ஜாடிகளிலும், 1722இலேயே மறைந்த காங்சியின் முத்திரை உண்டு. எல்லாமே ஏமாற்று வேலை இல்லை, முன்னோர் கைவேலைக்கு மரியாதையாகவும் போட்டார்கள். அதனால் நான் முத்திரையை நம்புவதில்லை. நிறத்தைத்தான் பார்ப்பேன்.

சுமார் 1300 டிகிரியில் வெந்து, பளபளப்பு இறுகிய பீங்கான்மேல்தான் நான் பார்க்கும் இந்த ஓவிய நிறங்கள் ஏறுகின்றன. ஈயம் கலந்த கண்ணாடித் தூளில் நிறம் தரும் உலோகத்தைச் சேர்த்து வரைவார்கள். ஈயம் இருப்பதால் 700, 800 டிகிரியிலேயே அது உருகி ஒட்டிக்கொள்ளும்.

1720 வாக்கில் வந்த ரோஜா நிறத்தைத் தருவது தங்கம்! கண்ணாடிக்குள் சில பத்து நானோமீட்டர் அளவுத் துகள்களாகத் தங்கம் சிதறியிருந்தால் பச்சை ஒளியை விழுங்கிவிடும், மிச்சம் சிவப்பாகத் தெரியும். அதோடு ஆர்சனிக் கலந்த வெள்ளையைச் சேர்த்தால் இளஞ்சிவப்பு. பூதக்கண்ணாடியில் ஒரு தாமரை இதழைப் பாருங்கள்: நுனியில் அடர்ந்த சிவப்பு, உள்ளே போகப்போகப் பால்வெள்ளை.

பச்சைதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். பழைய பச்சை செம்பினால் வந்தது, அதன் வழியே அடியில் இருப்பது தெரியும். பிற்காலப் பச்சையில் வரும் குரோமியத்தைப் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் கண்டுபிடித்ததே 1797இல். 1736–1795 காலத்து சியென்லுங் முத்திரை போட்ட கிண்ணத்தில், எக்ஸ்-கதிர் கருவி குரோமியத்தைக் காட்டினால் கதை முடிந்தது (பிற்காலத்தில் யாரும் மேலே பூசவில்லை என்றால்). சுரண்டக்கூட வேண்டாம்.

பிற்காலப் பீங்கானில் எனக்குப் பிடித்தது 'சியன்ஜியாங்' வகை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், செங் மென் போன்ற ஓவியர்கள் மலையும் நீருமாக, காகிதத்தில் வரைவதுபோல மெல்லிய நிறத்தில் வரைந்தார்கள். பூச்சு மெலிதானதால் தேய்ந்துவிடும். ஜாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் நிறம் போன இடம் மங்கலாகத் தெரியும். கவிதை, கையெழுத்து, ஆண்டு எல்லாம் உடம்பிலேயே எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த ஆண்டு, நம் பிரபவ, விபவ போல 60 ஆண்டுச் சுழற்சியில் வரும் பெயர். 'பிங்சி' என்றால் 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். இரண்டுமே நமக்குத் தாது வருடம். அங்கேயும் பூச்சின் கனத்தைத்தான் பார்க்க வேண்டும்: 1936 வாக்கில் சியன்ஜியாங் வழக்கொழிந்து, கனத்த ரோஜாப் பூச்சு மறுபடி வந்திருந்தது.