எம்.எஸ். மருந்துகளும் விழித்துக்கொள்ளும் கிருமிகளும்

2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நட்டலிசுமாப், மூன்றே மாதங்களில் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் எனப்படும் எம்.எஸ். நோய்க்காக அதைப் பெற்ற சிலருக்கு, பி.எம்.எல். என்ற அரிய மூளைத் தொற்று வந்திருந்தது. எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தால் கிருமி வரத்தானே செய்யும் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். ஆனால் இம்மருந்து இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களைக் குறைப்பதில்லை. சற்றுக் கூட்டவே செய்கிறது.

எம்.எஸ். நோயில், உடலின் சொந்த லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களே மூளைக்குள் நுழைந்து நரம்புகளின் மயலின் உறையைத் தாக்குகின்றன. அவை இரத்தக்குழாயின் சுவரைப் பற்றிக்கொள்ள உதவும் மூலக்கூற்றை நட்டலிசுமாப் மறைத்துவிடுவதால், அணுக்கள் இரத்தத்திலேயே நின்றுவிட, மூளை காவலின்றி விடப்படுகிறது. வயது வந்தோரில் பாதிப் பேருக்கு மேல் எவ்விதத் தொல்லையும் தராமல் தங்கியிருக்கும் ஜே.சி. வைரசுக்கு இது போதும். அது மயலினை உண்டாக்கும் அணுக்களையே அழிக்கிறது. எந்த உறையைக் காக்க மருந்து கொடுக்கப்பட்டதோ, அதே உறை வேறு வழியில் அழிகிறது. மருந்தை நிறுத்தினாலும் சிக்கல் தீர்வதில்லை: அடைபட்டிருந்த அணுக்கள் ஒரே நேரத்தில் மூளைக்குள் பாய்வதால் ஏற்படும் வீக்கமே உயிரைப் பறிக்கலாம். 2006இல் கடும் கண்காணிப்புடன் மருந்து மீண்டும் வந்தது, இன்று ஜே.சி. வைரசுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனை செய்தே அதைத் தொடர்கிறார்கள்.

லிம்போசைட்டுகளில் ஒரு வகையான பி அணுக்களை அழிக்கும் ஓக்ரலிசுமாப், ரிட்டுக்சிமாப் ஆகிய எம்.எஸ். மருந்துகளின் ஆபத்து வேறு. கல்லீரலில் பதுங்கியிருக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி வைரஸ் அவற்றால் மீண்டும் பெருகக்கூடும். தென்னாப்பிரிக்காவில் இதற்கான குழந்தைத் தடுப்பூசி 1995இல்தான் தொடங்கியது என்பதால், அதற்கு முன் பிறந்தவர்களுக்குச் சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனை வெறும் சடங்கன்று. கர்ப்பத்தின் பிற்பகுதியில் இம்மருந்துகள் நஞ்சுக்கொடி வழியே சிசுவையும் அடைந்து, அதன் பி அணுக்களையும் குறைக்கலாம். இங்கே பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியிலோ உயிருள்ள கிருமியே இருக்கிறது. ஆகவே தாய் என்ன மருந்து பெற்றாள் என்பதைப் பிரசவ விடுதியின் செவிலியருக்குச் சொல்லியாக வேண்டும். நரம்பியல் மருத்துவரின் கோப்பு அங்கே தானாக வந்து சேராது.

அலெம்டுசுமாப் என்ற இன்னொரு எம்.எஸ். மருந்து, பி அணுக்களோடு லிம்போசைட்டுகளின் மற்றொரு வகையான டி அணுக்களையும் துடைத்தெடுக்கிறது. பி அணுக்கள் விரைவில் திரும்ப, அவற்றை நெறிப்படுத்தும் டி அணுக்கள் பிந்துவதால், பெற்றவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குத் தைராய்டு சுரப்பி தாக்கப்படுகிறது. ஒரு தன்னெதிர்ப்பு நோயை அடக்கப்போய் இன்னொன்று பிறக்கிறது.

தினமும் விழுங்கும் ஃபிங்கோலிமோட் மாத்திரை, லிம்போசைட்டுகளை நிணநீர்க் கணுக்களுக்குள்ளேயே அடைத்துவைக்கிறது. மாத்திரை தீர்ந்து சில வாரங்கள் கழிந்தாலே அவை வெளியேறிவிடும். அதன்பின் வரும் நோய்த்தாக்கு, சிலருக்குச் சிகிச்சை தொடங்குமுன் இருந்ததைவிடக் கடுமையாக இருக்கிறது.