ஆர், எல் கேட்காத காது: ஜப்பானில் ஆங்கிலம் கற்கும் பெரியவர்களைப் பற்றி ஆய்வுகள் சொல்வது

ஜப்பானில் அலுவலகம் போகும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வகுப்பில் சேரும்போதே பாதிப்பேர் தங்களைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள். "சென்செய் (ஆசிரியரே), என் காது ஆங்கிலத்துக்கு ஆகாது, சின்ன வயதிலேயே பிடித்திருக்க வேண்டும், இனி இலக்கணமும் டோயிக் மதிப்பெண்ணும் போதும்" என்பார்கள். டோயிக் என்பது இங்கே நிறுவனங்கள் கேட்கும் ஆங்கிலத் தேர்வு. இன்னொரு பக்கம், தூங்கும்போது காதில் ஓடவிட்டால் ஆங்கிலம் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று ஒலிப்பதிவு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுமே தப்பு. வயதான பிறகு காது புது ஒலியைக் கற்றுக்கொள்ளுமா என்ற கேள்வியை ஐம்பது வருடங்களுக்கு மேலாக ஆய்வுக்கூடங்களில் குடைந்துகொண்டிருக்கிறார்கள், அங்கே கிடைத்த விடை இந்த இரண்டு கூட்டத்தையும் சங்கடப்படுத்தும்.

"வயசாகிவிட்டது" என்ற நம்பிக்கை சும்மா வந்ததில்லை. பட்ரிசியா கூல் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஜப்பானியக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகள் ஆங்கிலத்தின் ஆர், எல் ஒலிகளின் வேறுபாட்டைக் கண்டுகொள்வதில் இரண்டு நாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தன. பத்து, பன்னிரண்டு மாதமாகும்போது அமெரிக்கக் குழந்தைகள் முன்னேறியிருந்தன, ஜப்பானியக் குழந்தைகள் பின்தங்கியிருந்தன. அதாவது ஒரு வயதுக்குள்ளேயே காது தாய்மொழிக்கு ஏற்றபடி தன்னை அமைத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. இந்தச் செய்தி மட்டும் பத்திரிகை, தொலைக்காட்சி, குழந்தைகளுக்கான ஆங்கில வகுப்பு விளம்பரம் என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, இதற்கு முன்னும் பின்னும் வந்த மற்ற ஆய்வுகள் போய்ச் சேரவில்லை.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1975-இல் மியாவாகி குழுவினர் செய்தது. பேச்சொலியில், வாயும் நாக்கும் இருக்கும் வடிவத்துக்கு ஏற்ப சில அதிர்வெண் பட்டைகள் வலுவாக ஒலிக்கும். கீழிருந்து எண்ணினால் மூன்றாவது பட்டை ஆங்கில ஆர் ஒலியில் நன்றாகக் கீழே இறங்கிவிடும், எல் ஒலியில் மேலேயே நிற்கும். அமெரிக்கர்களின் காது பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த அடையாளத்தைத்தான். முழு அசையாகக் கொடுத்தபோது ஜப்பானியர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. அந்த மூன்றாவது பட்டையை மட்டும் தனியே வெட்டியெடுத்து, பேச்சு மாதிரியே இல்லாத வெறும் சத்தமாகக் கொடுத்தபோதோ அமெரிக்கர்களுக்குச் சமமாகப் பிரித்தறிந்தார்கள்! காதில் ஒரு கோளாறும் இல்லை. பேச்சு என்று தெரிந்த மாத்திரத்தில் மூளை அந்தத் தகவலைத் தேவையில்லை என்று தள்ளிவிடுகிறது. பால் ஐவர்சன் குழுவினர் 2003-இல் இதற்கு அடுத்த படியைக் காட்டினார்கள்: ஜப்பானியக் காது இரண்டாவது பட்டையைத்தான் கூர்ந்து கவனிக்கிறது, ஆர், எல் விஷயத்தில் அந்தப் பட்டையால் பிரயோஜனம் இல்லை.

ஜப்பானிய மொழியில் இந்த இடத்தில் இருப்பது ஒரே ஒரு ஒலி. நாக்கு நுனி மேலே ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பும், நம் ரகரத்துக்குப் பக்கத்தில் வரும், சிலர் வாயில் லகரம் போலவும் விழும். லலிதா என்று பெயர் உள்ளவர் இங்கே வந்து, வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கத்தகனா எழுத்தில் பெயர் எழுதினால் ராரிதாவாகிவிடுவார். கோபப்பட ஒன்றுமில்லை, இருக்கிற எழுத்து அவ்வளவுதான்.

இன்னொரு வினோதம். கோதோ என்பவர் 1971-இலேயே வெளியிட்ட ஆய்வில் ஒன்று கண்டார்: சில ஜப்பானியர்கள் ஆரையும் எல்லையும் அமெரிக்கர்கள் சரி என்று ஒப்புக்கொள்ளும்படி உச்சரிக்கிறார்கள், ஆனால் காதால் பிரித்தறிய முடிவதில்லை, தங்கள் குரலையே பதிவு செய்து போட்டுக் காட்டினாலும்கூட. ஷெல்டன், ஸ்ட்ரேஞ்ச் இருவரும் 1982-இல் மறுபடி செய்து பார்த்தபோதும் அப்படியே வந்தது. நாக்கை எங்கே வைப்பது என்று பாடம்போலக் கற்றுக்கொண்டுவிடலாம், கேட்பது அப்படி வராது என்பதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அதனால் ஒருவர் அழகாக உச்சரிக்கிறார் என்பதை வைத்து அவருக்குக் கேட்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. ஆசிரியர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான்.

சரி, இரண்டு ஒலிதானே, சூழ்நிலையை வைத்துப் புரிந்துகொள்ள மாட்டார்களா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். சாப்பாட்டுக் கடையில் யாரும் ரைஸை லைஸாகக் கேட்டுப் பட்டினி கிடப்பதில்லை. ஆனால் அலுவலகத்தில் 'டேட்டாவை கலெக்ட் பண்ணுங்கள்', 'டேட்டாவை கரெக்ட் பண்ணுங்கள்' இரண்டும் ஒரே வாக்கியத்தில் அச்சாகப் பொருந்தும். தகவலைத் திரட்டச் சொன்னாரா, திருத்தச் சொன்னாரா? எதிரே இருப்பவர் தலையாட்டுவார், குறிப்பும் எடுத்துக்கொள்வார், அடுத்த வாரம் வேறு ஏதோ செய்துகொண்டு வருவார். இதைச் சோம்பல் என்றும் கவனக்குறைவு என்றும் எடுத்துக்கொள்ளும் மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு, ஃப்ளெஜி, தகாகி, மன் மூவரும் 1996-இல் காட்டியபடி, ஜப்பானியர்கள் இந்தச் சொற்களைக் கண்டுகொள்வதில் எந்தச் சொல் தங்களுக்கு அதிகம் பழக்கமோ அதன் பக்கம் சாய்கிறார்கள். கேட்பதும் ஊகிப்பதும் கலந்துதான் நடக்கிறது.

இப்போது பயிற்சிக்கு வருவோம். முதலில் ஸ்ட்ரேஞ்ச், டிட்மன் 1984-இல் செய்து பார்த்தது: கணினியில் செய்த 'ராக்', 'லாக்' ஒலிகளை வைத்து ஜப்பானியர்களைப் பழக்கினார்கள். அந்தச் செயற்கை ஒலிகளில் நன்றாக முன்னேறினார்கள், நிஜ மனிதர் பேசும்போது அந்த முன்னேற்றம் கைகொடுக்கவில்லை. இண்டியானா பல்கலைக்கழகத்தில் லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் 1991-இல் வேறு வழியில் போனார்கள். நிஜ மனிதர்களின் குரல், அதுவும் ஒருவர் குரல் இல்லை, ஐந்து பேர் குரல், சொல்லின் தொடக்கம், நடு, கடைசி, கூட்டெழுத்துப் போல இரண்டு மெய் சேர்ந்து வரும் இடம் என்று எல்லா இடத்திலும் ஆர், எல் மட்டுமே வேறுபடும் இணைச் சொற்கள், ஒவ்வொரு பதிலுக்கும் உடனே சரியா தப்பா என்ற அறிவிப்பு. பயிற்சி எடுத்தவர்கள் ஆறே பேர், ஆனால் முன்னேற்றம் இதுவரை கேட்டிராத சொற்களிலும் தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து, ஒரே ஒருவரின் குரலில் மட்டும் பழக்கிப் பார்த்தார்கள். அந்தக் குரலில் தேறினார்கள், புதுக் குரல் வந்ததும் அந்தத் தேர்ச்சி காணாமல் போனது.

இதற்குப் பிறகு பிராட்லோ, பிசோனி இருவரோடு கியோட்டோ பக்கத்து ஏ.டி.ஆர். ஆய்வுக்கூடத்தின் யமாடா, தோகுரா சேர்ந்து 1997-இல் வெளியிட்டதுதான் என்னைப் போன்றவர்களின் வகுப்பையே மாற்றியது. 45 அமர்வுகள், மூன்று நான்கு வாரம், கேட்கும் பயிற்சி மட்டும், பேசச் சொல்லவே இல்லை. கேட்கும் திறன் சராசரியாகச் சுமார் 16 சதவீதப் புள்ளி ஏறியது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்கள் பேசியதைப் பதிவு செய்து அமெரிக்கர்களிடம் போட்டுக் காட்டியபோது உச்சரிப்பும் தேறியிருந்தது, யாரும் நாக்கைத் தொட்டுக்கூடச் சொல்லித்தரவில்லை. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. எல்லாரும் ஒரே அளவு முன்னேறவில்லை, யாரும் அமெரிக்கர் காதாகவும் மாறிவிடவில்லை, இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் மாற்றவே முடியாது என்று எழுதிவைத்த இடத்தில் ஒரு மாதத்துக்குள் இவ்வளவு என்பது லேசான விஷயமில்லை.

இதில் எது முக்கியம், குரல்களின் எண்ணிக்கையா, உடனடி அறிவிப்பா என்று கேட்டால் இரண்டும்தான், ஆனால் இரண்டாவதை ஆட்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். மக்காண்ட்லிஸ் குழுவினரின் 2002 ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது: சாதாரண அளவில் வேறுபடும் ஒலிகளை, சரி தப்பு சொல்லாமல் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வேறுபாட்டை மிகைப்படுத்திய ஒலியில் தொடங்கிப் படிப்படியாகச் சாதாரணத்துக்கு இறக்கியபோது கற்றுக்கொண்டார்கள். சரி தப்பு சொன்னபோது எந்த வழியிலும் கற்றுக்கொண்டார்கள்.

காரணம் யோசித்தால் எளிது. 'லைட்' என்றாலும் 'ரைட்' என்றாலும் மூளை பழைய ஒற்றைப் பெட்டியில்தான் போடுகிறது, தப்பு என்று யாரும் சொல்லாதவரை ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டியே இன்னும் உறுதியாகிறது. இப்போது அந்தத் தூக்க ஒலிப்பதிவு விற்பனைக்கு வாருங்கள். ஜப்பானில் இதைக் கிகினகஷி என்பார்கள், வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட்டுக் கேட்பது. ஒலி பிரித்தறியும் விஷயத்தில் இது அந்த ஆய்வில் தோற்ற வழிக்கு அக்கா தங்கை. காசு கொடுத்து வாங்கினாலும் இலவசமாகக் கேட்டாலும் அதேதான். கேட்டபடியே நிழல்போலப் பின்னால் சொல்லிக்கொண்டு போகும் ஷேடோயிங் அப்படியில்லை. அது காதை விழிப்பாக வைத்திருக்கிறது, ஆரம்ப நிலைக்காரர்களுக்குக் கேட்கும் திறன் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, நானும் தருகிறேன்.

என் வகுப்பில் இதைச் செய்வதற்குப் பெரிய கருவி ஒன்றும் கிடையாது. ஆஸ்திரேலியர், கனடாக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், ஸ்காட்லாந்துக்காரர் என்று கிடைத்தவர்களிடமெல்லாம் இணைச் சொற்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். தினமும் பத்து நிமிடம், ஒரு சொல் ஓடும், எது என்று திரையைத் தொட வேண்டும், உடனே சரி அல்லது தப்பு. அவ்வளவுதான். சொல்லின் கடைசியில் வரும் ஆர், எல் அவர்களுக்கு எளிது, அங்கே தொடங்குவேன், 'ஃப்ளை', 'ஃப்ரை' மாதிரி மெய்யோடு ஒட்டிவருவது கடைசியில். நானே முழுப் பாடத்தையும் பேசி நடத்தினால் ஒரு சிக்கல் இருக்கிறது. என் ஆங்கில ஆர் நம் ஊர் ரகரம்தான், நாக்கு ஒரு தட்டு தட்டும், அது அவர்கள் தாய்மொழி ஒலிக்குப் பக்கத்து வீடு. "சென்செய் பேசுவது மட்டும் நன்றாகப் புரிகிறது" என்று மாணவர்கள் சொல்லும்போது நான் சந்தோஷப்படுவதில்லை, பதிவைத் தேடப் போய்விடுவேன்.

ஆர், எல் மட்டுமே ஆங்கிலம் இல்லை. மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் ஜப்பானியக் காது நடுவே இல்லாத உகரத்தைச் சேர்த்துக் கேட்கிறது. டுப்பு குழுவினர் 1999-இல் 'எப்ஸோ' போன்ற பொய்ச் சொற்களை வைத்து இதைக் காட்டினார்கள், பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த உகரம் கேட்கவில்லை. 'ஸ்ட்ரைக்' என்ற ஓரசைச் சொல் சுதொராய்கு என்று ஐந்து துண்டாவதை உச்சரிப்புக் குறை என்று மட்டும் பார்க்கக்கூடாது, அவர்களுக்குக் கேட்பதே ஏறக்குறைய அப்படித்தான்.

அப்புறம், அமெரிக்காவில் போய் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு வெஸ் கதையைச் சொல்வேன். வெஸ் என்பது ஆய்வில் வைத்த பெயர். தோக்கியோவைச் சேர்ந்த ஓவியர், 33 வயதில் ஹவாயில் குடியேறினார். ரிச்சர்ட் ஷ்மிட் அவரைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்து 1983-இல் எழுதினார். வெஸ் வகுப்புக்குப் போனதில்லை, ஆங்கிலத்திலேயே வியாபாரம், நட்பு, அரட்டை எல்லாம், பழகுவதற்கு இனியவர், பேச்சில் கெட்டி. ஆனால் பன்மை விகுதி, இறந்தகால விகுதி, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'அ' (a), 'த' (the) போன்ற சார்படைகள் எல்லாம் ஏறக்குறைய வந்த இடத்திலேயே நின்றன. சார்படை ஜப்பானிய மொழியில் கிடையாது, விட்டாலும் எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடுகிறது, யாரும் திருத்துவதில்லை, அவருக்கும் கவலையில்லை. ஷ்மிட் பிறகு பிரேசிலில் தானே போர்த்துகீசியம் கற்று நாட்குறிப்பு எழுதிப் பார்த்து, கவனத்தில் படாதது மண்டையில் ஏறாது என்ற தன் கருத்தை 1990-இல் விரிவாக எழுதினார். வெஸ்ஸைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை, என் மாணவர்களில் பலருக்கு அவர் நேர் எதிர். டோயிக்கில் 990-க்கு 800 வாங்கியிருப்பார்கள், கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார்கள். 200 கேள்விக்கு இரண்டு மணி நேரத்தில் விடை குறிக்கும் அந்தத் தேர்வில் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, பேச்சுக்கான தேர்வு தனியாக இருந்தும் நிறுவனங்கள் கேட்பது பெரும்பாலும் இந்த மதிப்பெண்ணைத்தான். யாஷிமா தோமோகோ 2002-இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், பேச முன்வருவதோடு நேரடியாகத் தொடர்புடையதாக வந்தவை தன்னம்பிக்கையும் வெளியுலகத்தின் மேல் உள்ள ஆர்வமும்.

ஜப்பானிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குக் கொஞ்சம். ஒரு சொல் எதிராளிக்குப் பிடிபடவில்லை என்றால் அதையே சத்தமாகத் திருப்பிச் சொல்லாதீர்கள், கேட்காத வேறுபாடு சத்தத்தால் கேட்காது. வேறு சொல் போடுங்கள்: 'கரெக்ட்' வேண்டாம், 'ஃபிக்ஸ்' என்று சொல்லலாம், 'கலெக்ட்' வேண்டாம், 'கேதர்' என்று சொல்லலாம். இல்லையென்றால் அரட்டைப் பெட்டியில் எழுதிவிடுங்கள், எழுத்தில் அவர்கள் நம்மைவிடக் கெட்டி. தலையாட்டியதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், என்ன செய்யப்போகிறார் என்று அவர் வாயால் சொல்லவைத்துக் கேளுங்கள். பயிற்சிக்காக உங்கள் குரலைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டால் சரி சொல்லிவிடுங்கள். நிறுத்தி நிதானமாக, வகுப்பில் ஒப்பிப்பது போல வேண்டாம். தினமும் கூட்டத்தில் பேசுகிற வேகத்திலேயே பேசிக் கொடுங்கள்.