ஒரு ஸ்பூன் ஈரம்: சின்ன நாய்க்குட்டியை வீட்டுக்குள் பழக்குவது

"வேணும்னே செய்யுது டாக்டர். பழிவாங்குது."

நாலு மாத ஷிட்சூ குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா சொன்னார். குட்டி அவருடைய கைப்பையின் வாரை மும்முரமாக மென்றுகொண்டிருந்தது. முதல் நாள் மெத்தை மேலேயே சிறுநீர் போய்விட்டதாம். அதற்கு முந்தின நாள் கணவரின் ஷூவுக்குப் பக்கத்தில். சிறுநீரை உறிஞ்சும் விரிப்பான பேட் வாங்கி விரித்தால் அதைக் கிழித்து விளையாடுகிறதாம். சரி, கொஞ்சம் கீழே விடுங்கள் என்றேன்.

குட்டி அறையை ஒரு சுற்று வந்தது. எடை பார்க்கும் மேடையின் ரப்பர் விரிப்பை மோந்தது. நகர்ந்து போனது. மறுபடி அங்கேயே வந்து மோந்து, ஒரு வட்டமடித்து, இடுப்பைத் தாழ்த்தியது. அந்த அம்மா தடுப்பூசி அட்டையைத் தேடிப் பைக்குள் துழாவிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கறுப்பு ரப்பரில் ஒரு ஸ்பூன் ஈரம், சொன்னால்தான் தெரியும்.

"எப்பப் போச்சு?" என்றார்.

சின்ன இன நாய்களுக்கு டாய்லெட் பழக்குவது கஷ்டம், அவை பிடிவாதக்காரர்கள் என்று ஒரு பெயர் உண்டு. சின்ன உடம்புக்குச் சின்னச் சிறுநீர்ப் பை, அடிக்கடி போகத்தான் வேண்டும் என்பது உண்மை. ஆனால் நான் பார்த்தவரை பாதிக் கஷ்டம் இந்த ஒரு ஸ்பூனில்தான் இருக்கிறது. லேப்ரடார் குட்டி ஹாலில் போனால் குளம் கட்டும், வீடே ஓடிவரும். பொமரேனியனோ சிவாவாவோ சோபாவுக்குப் பின்னால் போனால் யாருக்கும் தெரியாது. சாயந்திரத்துக்குள் காய்ந்தும் போய்விடும். காய்ந்தது நம் கண்ணுக்குத்தான். குட்டியின் மூக்குக்கு அங்கே "இங்கு போகலாம்" என்று போர்டே மாட்டியிருக்கிறது. நமக்குத் தெரிந்து ஒரு தடவை போயிருந்தால், தெரியாமல் நாலைந்து தடவை போயிருக்கும். அப்படியே அது பழக்கமாகிவிடும்.

பிறந்து மூன்று வாரம் வரை தாய் நக்கித் தூண்டினால்தான் குட்டிக்குச் சிறுநீரே வரும். அப்புறம் தள்ளாடித் தள்ளாடி, படுக்கிற இடத்தை விட்டு விலகிப் போய்ச் சிறுநீர் கழிக்கப் பழகும். எட்டு, ஒன்பது வார வயதில் காலுக்கடியில் என்ன இருந்தால் போவது என்ற பிடித்தமும் பதிய ஆரம்பிக்கும்: காகிதமா, துணியா, புல்லா. அதனால் குட்டியை வாங்கும்போதே "இதுவரைக்கும் எதுமேல போச்சு?" என்று கேட்டுவிடுங்கள். காகிதத்தில் பழகிய குட்டிக்குப் புதுப் பேட்டின் மேல் முதல் வாரம் காகிதத்தை விரித்து வைத்தால் வேலை சுலபம். கூண்டுக்குள்ளேயே, தன் கழிவின் மேலேயே படுத்து வளர்ந்த குட்டிக்கு அந்த விலகிப் போகிற இயல்பு மழுங்கியிருக்கும். அதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும், வேறு வழியில்லை.

எவ்வளவு நேரம் அடக்கும்? மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அது தூங்கும்போது, அதிகபட்சமாக. விழித்து ஓடியாடுகிற சின்னக் குட்டிக்கு முக்கால் மணிக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு ஐந்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள், விளையாட்டின் நடுவில், இரவு படுக்கும் முன் கட்டாயம் வரும். வெறும் வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் அசைய ஆரம்பிப்பது உடம்பின் இயல்பு. இதில் குட்டியின் விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை.

தடுப்பூசித் தவணைகள் முடிய 16 வார வயது வரை ஆகும். குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால், அதுவரை மற்ற நாய்கள் வந்துபோகும் இடங்களில் குட்டியை இறக்கிவிடச் சொல்வதில்லை. ஆக, ஆரம்பப் பாடம் வீட்டுக்குள்தான்.

நான் முதலில் சொல்வது: வீட்டைச் சுருக்குங்கள். இரண்டு கிலோ குட்டிக்கு உங்கள் ஹால் ஒரு மைதானம். மைதானத்தின் இன்னொரு மூலையில் இருக்கிற பேட் அதற்கு ஞாபகம் இருக்காது. தடுப்பு வைத்து ஒரு சின்ன இடம் கொடுங்கள். ஒரு ஓரத்தில் படுக்கை, எதிர் ஓரத்தில் பேட். வெளியே விடும்போது உங்கள் கண்ணில் படுகிற தூரத்தில், முடிந்தால் லேசான கயிற்றில். கண்ணை எடுக்க வேண்டியிருந்தால் குட்டி தடுப்புக்குள். நேரமானால் பேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் நடத்திக்கொண்டு போங்கள். தூக்கிப் போனால் வழி உங்களுக்குத்தான் பழகும். போகும்போது ஒரே சொல்லை வீட்டில் எல்லோரும் சொல்லுங்கள். அப்பா ஒன்று, பிள்ளை ஒன்று, பாட்டி வேறொன்று என்றால் குட்டி எதைப் பிடித்துக்கொள்ளும்?

போய் முடித்த நொடியே, அந்த இடத்திலேயே தின்பண்டம். இரண்டு நொடி தாண்டினால் கணக்கு மாறிவிடும். டப்பாவை எடுக்க நீங்கள் சமையலறைக்குப் போய், குட்டி பின்னால் ஓடிவந்து வாங்கிக்கொண்டால், ஓடிவந்ததற்குக் கிடைத்த பரிசு என்றுதான் அது புரிந்துகொள்ளும்.

பேட்டின் விளிம்பில் போகிறது என்ற புகார் நிறைய வரும். குனிந்து பாருங்கள். முன்னங்கால் இரண்டும் பேட்டின் மேல் இருக்கும், பின்பக்கம் தரைமேல். காலுக்கடியில் பேட் தட்டுப்படுகிறது, அதன் கணக்கில் அது சரியாகத்தான் செய்திருக்கிறது! இரண்டு பேட்டைச் சேர்த்து விரியுங்கள், பாதிப் புகார் தீர்ந்துவிடும். கிழிக்கிற குட்டிக்கு மேலே வலைத்தட்டு வைத்த டிரே. அப்புறம் மிதியடி, குளியலறை விரிப்பு எல்லாவற்றையும் கொஞ்ச நாளைக்குச் சுருட்டி வையுங்கள். மெத்துமெத்தென்று இருக்கிற எல்லாமே குட்டிக்குப் பேட்தான். அந்த ஷிட்சூவுக்கு மெத்தையும் அப்படித்தான்.

மூக்கைப் பிடித்துச் சிறுநீரில் தேய்ப்பதை இன்னும் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதிலிருந்து குட்டி கற்பது ஒன்றே ஒன்று: இவர் பார்க்கும்போது போகக் கூடாது. அதன் பிறகு உங்கள் முன்னால் பேட்டிலும் போகாது, கட்டிலுக்கடியில் போகும். "திட்டினா தப்புப் பண்ணின மாதிரி முழிக்குதே" என்பார்கள். 2009-ல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தப்பே செய்யாத நாயும், உரிமையாளர் திட்டினால் அதே முகத்தைக் காட்டியது. அந்த முழி உங்கள் குரலுக்கான பதில்.

துடைக்கும்போது அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம். சிறுநீரின் வாடையோடு அது சேர்ந்துபோகும். பினாயில் நம் மூக்கை ஏமாற்றுமே தவிர, அடியில் இருக்கிற வாடையை எடுக்காது. தரைக்கு அருகிலேயே வாழ்ந்து காலை நக்குகிற குட்டிக்கு அது நல்லதும் அல்ல. செல்லப்பிராணிகளின் கறைக்கென்றே என்சைம் கலந்த திரவம் கிடைக்கும். தெளித்து உடனே துடைக்காமல், புட்டியில் போட்டிருக்கிற நேரம் வரை ஊறவிடுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு அல்ட்ரா வயலெட் டார்ச் அடித்துப் பாருங்கள், பழைய கறைகள் மங்கலாக ஒளிரும். பார்த்துவிட்டு நிறையப் பேர் எனக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

இப்போது என்னைக் கவலைப்பட வைக்கிற விஷயம். சிறுநீர் குறையட்டும் என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவது, இரவு உணவை நிறுத்துவது. டாய் இனம் எனப்படும் மிகச் சின்ன இனக் குட்டிகளின் உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. சில மணி நேரப் பட்டினியிலேயே தள்ளாடி, நடுங்கி, வலிப்பு வரைக்கும் போகலாம். குட்டி துவண்டு கிடந்தால் ஈறில் கொஞ்சம் தேனைத் தடவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ராத்திரி ஒரு தடவை அலாரம் வைத்து எழுந்துகொள்வது இதைவிடச் சுலபம்.

பழக்கினால் சரியாகாதவையும் உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து முக்கி நாலு சொட்டு, இரத்தம் கலந்த சிறுநீர், ஓயாமல் அந்த இடத்தை நக்குவது, இதெல்லாம் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். பெண் குட்டி தூங்கும்போதும் நடக்கும்போதும் சொட்டிக்கொண்டே இருந்தால், சிறுநீர்க் குழாய் பிறவியிலேயே இடம் மாறித் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று தவறினாலும் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, திட்டு அப்புறம் (அதுவும் வேண்டாம்). ஆட்களைப் பார்த்ததும் குழைந்து இரண்டு சொட்டு விடுவது வேறு. பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். அந்த நேரத்தில் குனிந்து தலையைத் தடவாமல் இருந்தால் போதும்.

அந்த ஷிட்சூ ஒரு மாதம் கழித்துத் தடுப்பூசிக்கு வந்தது. மெத்தை தப்பித்துவிட்டதாம். ஆனால் புதுப் புகார்: தின்பண்ட டப்பாவின் சத்தம் கேட்டால் பேட்டுக்கு ஓடிப் போய், சும்மா உட்கார்ந்து எழுந்து, வாலாட்டிக்கொண்டு வந்து நிற்கிறதாம்.

"கொடுத்துடறேன் டாக்டர், பாவமா இருக்கு."

"பேட்டைத் தொட்டுப் பாருங்க," என்றேன். "நனைஞ்சிருந்தா மட்டும் கொடுங்க."