குனிந்தபடி மண்ணைப் பிளக்கும் பூசணி முளை

தைப்பட்டத்துக்கென்று மாடித் தோட்டத்துப் பையில் பூசணி விதையை ஊன்றி, நாள்தோறும் பூவாளியால் நீர் தெளித்துக் காத்திருப்பவருக்கு, ஐந்தாறு நாளில் மண்ணில் ஒரு கீறல் விழுந்து, அதன் நடுவே வெளிறிய ஒரு வளைவு தென்படும்போது உண்டாகும் மகிழ்ச்சிக்கு ஈடே இல்லை. அப்போது கண்ணில் படுவது தண்டின் முதுகு. இலைகள் அதற்குப் பின்னால் தலைகீழாக இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கின்றன. அந்த முதுகு வெளியே தெரிவதற்குள், முளைத்தலின் கடினமான பகுதி ஏறத்தாழ முடிந்துவிட்டிருக்கும்.

எல்லாம் நீரில் தொடங்குகிறது. நன்கு உலர்ந்த விதை மிகக் குறைந்த ஈரத்தோடு, மூச்சையும் ஏறக்குறைய நிறுத்திக்கொண்டு கிடக்கும். ஈரமண்ணில் பட்டதும் அது நீரை வேகமாக இழுத்து உப்புகிறது. இந்த முதல் உறிஞ்சலுக்கு உயிர் தேவையில்லை, செத்த விதையும் இப்படி உப்பும் என்பதால், ஊறிப் பருத்த விதை என்பது நல்ல விதை என்பதற்குச் சான்றாகாது. உயிருள்ள விதையில் அதற்குப் பின் சில மணி நேரம் வெளியே எந்த மாற்றமும் தெரியாத ஓர் இடைவேளை உண்டு. உள்ளே சுவாசம் சூடுபிடிப்பதும், நொதிகள் உருவாவதும், உறக்கத்தைக் காக்கும் அப்சிசிக் அமிலம் குறைந்து முளைக்கத் தூண்டும் ஜிப்ரலின் ஓங்குவதும் அப்போதுதான். பாகல் போன்ற தடித்த தோலுள்ள விதைகளை இரவு முழுதும் ஊறவைப்பது, நீர் உள்ளே புகும் முதற்கட்டத்தைச் சுருக்குவதற்காகவே.

இந்த இடைவேளையின் நீளத்தைப் பெரும்பாலும் வெப்பநிலைதான் முடிவு செய்கிறது. 25 டிகிரி செல்சியசில் ஒரு வாரத்துக்குள் முளைக்கும் தக்காளி, 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். குளிர் நாடுகளில் வசந்தத்தின் தொடக்கத்தில் சன்னலோரத் தட்டுகளில் நாற்று விடுவது இதனால்தான். நம் ஊரில் குளிர் அப்படித் தடுப்பதில்லை. இங்கே பட்டத்தை வகுப்பதில் மழைக்கும் வெயிலுக்கும்தான் பெரும்பங்கு.

விதையின் கூரிய முனை பிளந்து முதலில் வருவது முளைவேர். அது எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தாலும் கீழ்நோக்கித் திரும்பிவிடும். இதற்குக் காரணம் புவியீர்ப்பா, மண்ணின் ஈரமா என்ற கேள்விக்கு 1806 இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயர் அழகான விடை கண்டார்: நீரோட்டத்தில் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் அவரை இன விதைகளைக் கட்டி முளைக்க வைத்தபோது, வேர்கள் சக்கரத்தின் வெளிப்புறம் நோக்கியும் தண்டுகள் நடுவை நோக்கியும் வளர்ந்தன. விசை எந்தத் திசையில் இழுக்கிறதோ அந்தத் திசையையே வேர் ‘கீழ்’ என்று கொள்கிறது. வேர்நுனி மூடியில் உள்ள சில செல்களில் மாவுச்சத்துத் துகள்கள் கனத்தால் அடியில் படிகின்றன. அவை படியும் பக்கத்தை அறிந்தே ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் கீழ்ப்புறத்தில் கூடுகிறது, அந்தப் புறம் மெதுவாக வளர, வேர் வளைகிறது.

இங்கேதான் பூசணிக் குடும்பத்துக்கே உரிய ஒரு நுட்பம் வருகிறது. முளைவேர் வெளிவந்து வளைந்த நிலையில் ஒரு விதையை மெல்லத் தோண்டி எடுத்துக் கழுவிப் பார்த்தால், வேரும் தண்டும் சேரும் இடத்தில், வளைவின் உட்புறத்தில், ஒரு சிறு ஆப்பு போன்ற புடைப்பைக் காணலாம். அது விதைத்தோலின் கீழ்ப்பாதியின் விளிம்பில் ஊன்றி அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மேலே தண்டு வில்லாக வளைந்து இழுக்கிறது. தோலின் இரு பாதிகளும் விரிய, விதைக்குள் மடிந்திருந்த முதல் இலைகளான விதையிலைகள் அதிலிருந்து உருவப்பட்டு வெளியேறுகின்றன, வெறுந்தோல் மண்ணிலேயே தங்குகிறது. சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880 இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

புடைப்பு ஏன் கீழ்ப்புறத்தில் மட்டும் உண்டாகிறது? புவியீர்ப்புதான் அங்கே அதைத் தூண்டுகிறது என்று நினைப்பது இயல்பு. 1998 இல் டிஸ்கவரி விண்கலத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெள்ளரி விதைகளை அனுப்பி முளைக்க வைத்தபோது விடை நேர்மாறாக இருந்தது: எடையற்ற நிலையில் இரு புறமும் புடைப்புகள் உண்டாயின. ஆகவே இரண்டு பக்கமும் புடைக்கும் இயல்பு முளைக்கு உண்டு. மேற்புறத்துப் புடைப்பை அடக்கிவைப்பதே புவியீர்ப்பின் வேலை. தாவரவியலில் இதைவிடச் சுவையான திருப்பங்கள் குறைவு என்பேன்.

தோலிலிருந்து விடுபட்டாலும், மேலே இன்னும் மண் இருக்கிறது. மென்மையான நுனியை நேராக நிமிர்த்திக்கொண்டு போனால் மணலில் உரசிச் சிதையும். அதனால் இருட்டில் வளரும் தண்டு நுனிக்குக் கீழே கொக்கிபோல் மடங்கிக்கொள்கிறது. உரசலைத் தண்டின் முதுகு தாங்க, நுனியும் விதையிலைகளும் பின்னால் இழுபட்டு வருகின்றன. இந்த மடிப்பைக் காப்பதில், முளையே வெளிவிடும் எத்திலீன் வாயுவுக்குப் பெரும் பங்கு உண்டு. மண் இறுக்கமாக இருந்தால் முளையைச் சுற்றி எத்திலீன் கூடும், தண்டு குட்டையாகவும் தடிமனாகவும் ஆகி உந்தும் வலுவைப் பெறும். எத்திலீனின் இந்த ஆற்றல் தெரியவந்ததும் ஒரு நாற்றின் வழியாகத்தான்: செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யூபோவ் என்ற தாவரவியலாளர், ஆய்வகத்தில் இருட்டில் வளர்ந்த பட்டாணி முளைகள் மட்டும் பக்கவாட்டில் படர்வதைக் கண்டு, விளக்குகளுக்கு எரியூட்டும் வாயுவில் கலந்திருந்த எத்திலீனே அதற்குக் காரணம் என்று 1901 இல் காட்டினார். பட்டாணியில் விதையிலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஆனாலும் மேலே வரும் குருத்து கொக்கியாக மடங்கியே வருகிறது.

வெளிச்சம் பட்டதும் ஆட்டம் மாறுகிறது. பைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளியை உணர்ந்தவுடன் கொக்கி நிமிர்கிறது, தண்டின் நீட்சி தளர்கிறது, விதையிலைகள் பிரிந்து விரிகின்றன. மண்ணுக்குள் மஞ்சளாக இருந்த அவை சில மணி நேரத்தில் பச்சையாவதற்குக் காரணம், பச்சையத்தை உருவாக்கும் கடைசிப் படிகளில் ஒன்றுக்கு ஒளி தேவைப்படுவதே. அதுவரை விதையிலைகள் தம்முள் சேமித்த எண்ணெயைச் சர்க்கரையாக மாற்றிச் செலவழித்தே முளையை வளர்த்தன. பூசணி விதையைக் கடித்தால் நாவில் படும் அந்த எண்ணெய்ச் சுவை முளையின் கட்டுச்சோறுதான். இனி அதே இலைகள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டால், விதைப்பில் நேரும் சில குறைகள் தாமாகவே விளங்கும். விதையிலைகளின் மேல் தோல் ஒட்டிக்கொண்டே வெளிவந்தால், பெரும்பாலும் விதை மேலாக ஊன்றப்பட்டு மண் காய்ந்திருக்கிறது, தோலைப் பிடித்துக்கொள்ளப் புடைப்புக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை என்று பொருள். தோலை ஈரமாக்கிச் சற்று நேரம் கழித்துத்தான் விலக்க வேண்டும், காய்ந்தபடி பிடுங்கினால் இலையே கையோடு வந்துவிடும். பூசணி விதையைத் தட்டையாகப் படுக்கவைத்து சுமார் 2 செ.மீ. ஆழத்தில் மூடலாம், சுமார் 3 மில்லிகிராம் எடையே உள்ள தக்காளி விதைக்கு அந்த ஆழம் அதிகம், அரை சென்டிமீட்டர் போதும். நாற்று வெளிறி நெடுநெடுவென்று வளர்ந்தால் அதற்கு உரம் தேவையில்லை, வெயில்தான் தேவை. தண்டின் அடி நீர்கோத்துச் சரிந்தால் அது நாற்றழுகல் நோய். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைப்பதும், நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதும் அதைத் தடுக்கும்.

குழித்தட்டில் விட்ட பூசணி நாற்றை, விதையிலைகளுக்கு நடுவே முதல் மெய்யிலைகள் விரிந்ததும் வேர்க்கட்டு உடையாமல் பைக்கு மாற்றிவிடுவது நல்லது. கத்தரியையும் மிளகாயையும் போல வேர் அறுபட்டும் பிழைத்துக்கொள்ளும் இயல்பு பூசணிக் குடும்பத்துக்கு இல்லை.