செசபீக் விரிகுடாவின் மாசுச் சுமை வரம்பு: யாருக்கு எவ்வளவு பங்கு, யார் பணம் கட்டுகிறார்கள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவில் ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசியைப் பெருக்குகின்றன. அந்தப் பாசி மடிந்து அடியில் மக்கும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து, கோடைக்காலத்தில் ஆழமான பகுதிகளில் நண்டும் மீனும் பிழைக்க முடியாத நிலை உண்டாகிறது. இதைத் தடுக்க, 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின் கீழ், அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010 டிசம்பர் 29 அன்று மாசுச் சுமை வரம்பு ஒன்றை விதித்தது.

அதன்படி ஆண்டொன்றுக்கு 18.59 கோடி பவுண்டு நைட்ரஜன், 1.25 கோடி பவுண்டு பாஸ்பரஸ், 645 கோடி பவுண்டு வண்டல் ஆகியவற்றுக்கு மேல் விரிகுடாவில் சேரக் கூடாது. வண்டல் உரச்சத்து அன்று. ஆனாலும் நீரைக் கலக்கி, அடியில் வளரும் நீர்ப்புல்லுக்கு வெளிச்சம் எட்டாமல் செய்வதால் அதுவும் கணக்கில் வந்தது. இந்த மொத்தம் 6 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் பங்கிடப்பட்டது. பென்சில்வேனியாவுக்கு விரிகுடாவில் ஓர் அடி கரைகூட இல்லை. எனினும் விரிகுடாவின் நன்னீரில் ஏறத்தாழப் பாதியைத் தரும் சஸ்குவெஹானா ஆறு அதன் பண்ணை நிலங்களைக் கடந்து வருவதால், குறைக்க வேண்டிய நைட்ரஜனில் பெரும்பங்கு அம்மாநிலத்தின் தலையில் விழுந்தது.

வரம்பின் வலுவும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் குழாய் வழியே நீரை வெளியேற்றுவதால் அதற்கு உரிமம் தேவை. உரிமத்திலேயே அளவைக் குறைத்து எழுதிவிடலாம். வயலில் மழை அடித்துச் செல்லும் உரத்துக்கும் சாணத்துக்கும் அத்தகைய உரிமம் இல்லை. வரம்பை எட்ட 2025ஆம் ஆண்டு கெடுவாக வைக்கப்பட்டது. சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த இலக்கைப் பல ஆண்டுகள் முன்பே எட்டியதற்கும் விவசாயம் பின்தங்கியதற்கும் இதுவே முதன்மைக் காரணம் என்று சொல்லலாம். விவசாயச் சங்கங்கள் இந்த வரம்பை எதிர்த்துத் தொடுத்த வழக்கும் 2016இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்ததோடு முடிந்தது.

மாசைக் குறைக்கும் செலவுக்கு, விரிகுடாக் கரையிலுள்ள மேரிலாந்து மாநிலம் 2004இலேயே வழி கண்டது. விரிகுடா மீட்பு நிதிக்கென அங்கு பெரும்பாலான வீடுகள், ஆண்டுக்கு முதலில் 30 டாலரும் 2012 முதல் 60 டாலரும் கட்டுகின்றன. மக்கள் இதைக் கேலியாகக் கழிப்பறை வரி என்கிறார்கள். சாக்கடை இணைப்புள்ளோர் கட்டும் தொகை சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தச் செல்கிறது. செப்டிக் டேங்க் உள்ளோர் கட்டுவதில் 60 விழுக்காடு, பழுதான தொட்டிகளை நைட்ரஜன் நீக்கும் வகைக்கு மாற்ற மானியமாகிறது. கரையோர வீடுகளுக்கே முன்னுரிமை. மீதி 40 விழுக்காடு, அறுவடைக்குப் பின் ரை எனும் குளிர் தாங்கும் தானியம் போன்ற பயிரை விதைத்து, மண்ணில் எஞ்சிய நைட்ரஜனைக் குளிர்காலத்தில் பிடித்து வைக்கும் விவசாயிகளுக்குப் போகிறது.