ஒரே பாட்டிலை வைத்துச் சரிபார்த்தால் தவறு தெரியாது

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத ஊர் என்றால் 1.5 வரை போகலாம், அதற்கு மேல் கூடாது என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் கறை படிந்த பற்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் ஏன் முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ரிப்போர்ட்டில் 1.45 என்று போட்டால் அந்தக் கிணற்றைக் குடிக்க விடுவார்கள், 1.6 என்றால் மூடச் சொல்வார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு லேபில் இந்த 1.6-ஐத்தான் சில வாரங்கள் 1.45 என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

யாரும் அலட்சியமாக இல்லை. ஃபுளோரைடை அளக்கும் எலக்ட்ரோடை, அளவு தெரிந்த கரைசல்களை (ஸ்டாண்டர்டு) வைத்து தினமும் காலிபரேஷன் செய்தோம், எலக்ட்ரோடு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் ஸ்லோப் சரியாக வந்தது, பிளாங்க் (ஃபுளோரைடு சேர்க்காத தண்ணீர்) சுத்தமாக இருந்தது, ஒரே சாம்பிளை இரண்டு முறை செய்தால் இரண்டும் ஒத்துப்போனது, நம் அளவு சரியா என்று பார்க்க பத்து சாம்பிளுக்கு ஒருமுறை வைக்கும், விடை முன்பே தெரிந்த கட்டுப்பாட்டுக் கரைசலும் ஒவ்வொரு நாளும் தேறியது. ஆனால் வெளியிலிருந்து வந்த திறன் சோதனை சாம்பிளில் (பல லேப்களுக்கு ஒரே தண்ணீரை அனுப்பி ஒப்பிடுவார்களே, அது) மாட்டினோம். அதில் சரியான விடையிலிருந்து நம் விடை எவ்வளவு விலகியது என்பதை இசட் மதிப்பு என்பார்கள்; ப்ளஸ், மைனஸ் எந்தப் பக்கமானாலும் 2-க்குள் இருந்தால் நல்லது, 3-ஐத் தொட்டால் தோல்வி. எங்களுக்கு மைனஸ் 3-க்கும் கீழே வந்தது.

தேடிப் போனதில் காரணம் அலமாரியில் இருந்தது. 221 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள ஸ்டாக் கரைசல் கிடைக்கும்; அதை நீர்த்துத்தான் காலிபரேஷனுக்கான ஸ்டாண்டர்டு செய்வோம். அந்த பாட்டிலின் மூடி சரியாக இறுகவில்லை, கோடை முழுக்க தண்ணீர் ஆவியாகி, 100 என்று ஒட்டியிருந்த கரைசல் உண்மையில் 110 பக்கம் போய்விட்டது. ஸ்டாண்டர்டு லேபிளில் போட்டிருப்பதைவிட அடர்த்தியானால் சாம்பிள் குறைவாகத்தான் காட்டும். சரி, கட்டுப்பாட்டுக் கரைசல் ஏன் பிடிக்கவில்லை? அதையும் அதே பாட்டிலில் இருந்துதான் எடுத்தோம்! ஒரு தவறை அதே தவறால் அளந்தால் எப்போதும் பொருத்தமாகத்தான் வரும்.

அப்புறம் செய்தது கடினமான வேலை. புதிய ஸ்டாக்கில் மறுபடி அளந்தோம், பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்து வைத்திருந்த பழைய சாம்பிள்களை எல்லாம் திரும்ப ஓட்டினோம், 1.5 பக்கம் இருந்த ரிப்போர்ட்டுகளைத் திரும்பப் பெற்று வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராக போன் செய்தோம். சோதனை லேப்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலை இதைக் கட்டாயமாகவே கேட்கிறது, ஆனால் அந்த போன்களைச் செய்தபோது தரநிலை ஞாபகத்தில் இல்லை, அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள்தான் ஞாபகத்தில் இருந்தார்கள்.

அதிலிருந்து நான் எந்த லேபுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது இதைத்தான். காலிபரேஷனுக்கு ஒரு கம்பெனி ஸ்டாண்டர்டு, சரிபார்க்க வேறு கம்பெனி ஸ்டாண்டர்டு, முடிந்தால் சான்றளிக்கப்பட்டது, அதைக் கரைப்பதும் வேறொரு ஆள். கட்டுப்பாட்டு மதிப்புகளை வரைபடத்தில் குறிக்கும்போது எல்லைக்குள் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாதீர்கள், தொடர்ந்து ஏழெட்டு நாள் நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் புள்ளி விழுந்தால் ஏதோ நகர்கிறது என்று அர்த்தம். இரட்டைச் சோதனையின் விடை எப்போதுமே கடைசி இலக்கம் வரை ஒன்றாக வருகிறதா? அங்கே யாரோ பயந்து எழுதுகிறார்கள். ஜூனியரைத் திட்டாதீர்கள், ஒத்துவராத எண்ணை அப்படியே எழுதினால் திட்டு விழாது என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். தவறாக எழுதியதை ஒரே கோடு போட்டு அடித்து, கையெழுத்தும் தேதியும் போட்டால் போதும், ஒயிட்னர் வேண்டாம்.

சாம்பிள் கொண்டு வருபவர்களுக்கும் ஒன்று. ஃபுளோரைடுக்கு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும். கிருமிச் சோதனைக்கு லேபிலிருந்து கிருமி நீக்கிய பாட்டிலை வாங்கிப் போய் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டு வாருங்கள். பாட்டிலுக்குள் இருக்கும் சோடியம் தயோசல்பேட்டைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள், குளோரின் மிச்சத்தை முறிக்க அது வேண்டும். ரிப்போர்ட் வாங்கும்போது, அன்றைக்குக் கட்டுப்பாட்டு சாம்பிள் எவ்வளவு வந்தது, அது எந்த பாட்டிலில் இருந்து எடுத்தது என்று தயங்காமல் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்யும் லேபில் அந்தப் பதிவேட்டை எடுத்து வந்து காட்ட ஐந்து நிமிடம்கூட ஆகாது.