‘ஜி’: பலியா, படையலா?

சீன மொழியில் ‘ஜி’ (祭) என்று ஒரு சொல் உண்டு. காந்திஜியில் வருகிற ஜி இல்லை. குரலைச் சட்டென்று கீழே இறக்கிச் சொல்ல வேண்டிய ஜி. தெய்வத்துக்கும் முன்னோருக்கும் செய்யும் சடங்கைக் குறிப்பது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தின் ‘sacrifice’ வழியாக இதை அறிந்தவர்களுக்கு முதலில் வாயில் வருவது ‘பலி’தான்.

எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மேலே இடப்பக்கம் இறைச்சி, வலப்பக்கம் ஒரு கை, கீழே தெய்வ மேடை. சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன், சீனாவை ஆண்ட ஷாங் வம்ச அரசர்கள் குறி கேட்க ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் கீறிய வடிவங்களில் இறைச்சியிலிருந்து துளி சொட்டுவதுகூடத் தெரிகிறது. ஆனால் கத்தி இல்லை. வெட்டுவதை விட்டுவிட்டு, எடுத்து வைப்பதைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

வைத்த இறைச்சி வீணாகாது. சடங்கு முடிந்ததும் பங்கு போடுவார்கள். ஏறக்குறைய நம்மூர்ப் பிரசாதம். பழைய சீனாவின் லூ நாட்டில் அந்தப் பங்கு தமக்கு வந்து சேராததால் சீன ஞானி கன்ஃபூசியஸ் பதவியை விட்டே கிளம்பினார் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. கறிக்காக அல்ல, மரியாதைக்காக!

‘பலி’யும் முதலில் இப்படித்தான் இருந்தது. வடமொழியில் காணிக்கை, இடும் உணவு என்றே பொருள். கோயில் பலிபீடத்தில் இன்றும் சோறுதான் வைக்கிறார்கள். ஆனால் ‘விபத்தில் மூவர் பலி’ என்று நாளிதழில் படித்துப் படித்து, சொல்லில் ரத்தம் ஏறிவிட்டது. ஷாங் அரசர்கள் போர்க்கைதிகளைக் கொன்று முன்னோருக்குக் கொடுத்ததை எழுதும்போது பலி என்றே எழுதலாம், தவறில்லை.

மற்ற இடங்களில் என் ஓட்டு படையலுக்கு. பழந்தமிழில் ‘மடை’ என்றும் சொல்வார்கள். மடைப்பள்ளியில் அது இன்னும் பிழைத்திருக்கிறது.

‘ஷீஷெங்’ என்ற இன்னொரு சீனச் சொல் வேறு கதை. சடங்குக்கென்று தேர்ந்தெடுத்த, ஒரே நிறமுள்ள, ஊனமில்லாத விலங்கைக் குறித்த சொல் அது. இன்றைய சீனத்தில் அதற்குத் தியாகம், உயிரைக் கொடுத்தல் என்று பொருள். தனித்தமிழில் ‘ஈகம்’ என்பார்கள். உயிரையே கொடுத்தால் ‘உயிரீகம்’.

ஏப்ரல் 4 அல்லது 5-இல் வரும் சிங்மிங் நாளில் சீனர்கள் கல்லறையைக் கூட்டிச் சுத்தம் செய்து, ஊதுபத்தி கொளுத்தி, சோறும் பழமும் வைப்பார்கள். அதற்குப் பெயர் ‘ஜி ட்ஸு’. ‘முன்னோர் பலி’ என்று எழுதிப் பாருங்கள், தாத்தாவையே வெட்டிய மாதிரி இருக்கும். முன்னோர் படையல்.